மவுத் ஆர்கன் வாசிப்போர் ஆசைப்படலாமா?

மாலை வேளையில் ஒருவர் வீணையோடு அமர்ந்தால் அவரைக் கலைஞர் என்கிறார்கள். வயலினோடு அமர்ந்தால் மாணவர் என்கிறார்கள். சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து உதட்டில் வைத்தாலோ, ‘இந்த வயதில் இது என்ன விளையாட்டு?’ என்று கேட்கிறார்கள். வாசிப்பவர் தமது உள்ளத்தில் ஓர் இலக்கு இருப்பதாகச் சொல்லிவிட்டால் கேலி இன்னும் பெருகும். சம்பளத்திற்கும் பதவிக்கும் ஆசைப்படுகிறவனை முன்னேறத் துடிப்பவன் என்று பாராட்டும் சமூகம், ஓர் இராகத்தைப் பிழையின்றி வாசிக்க ஆசைப்படுகிறவனை வேலையற்றவன் என்று எண்ணுகிறது. இந்த எண்ணம் தவறானது. தமிழ்ச் சமூகத்திற்குத் தீங்கு விளைவிப்பதும் ஆகும்.

மவுத் ஆர்கன் ஆர்வலர்களின் ஆசைகள் எத்தகையவை? ஒருவருக்கு இரண்டு துளைகள் சேர்ந்து ஒலிக்காமல் ஒரே சுரத்தைத் தெளிவாக எழுப்ப வேண்டும். ஒருவருக்குத் தம் தாயார் விரும்பிய பழைய திரைப்பாடல் ஒன்றை முழுமையாக வாசித்துக் காட்ட வேண்டும். ஒருவருக்கு நண்பர்களின் கித்தாருக்கும் தபேலாவுக்கும் ஈடுகொடுத்துத் தாளம் தவறாமல் உடன் செல்ல வேண்டும். ஒருவருக்கு ஓய்வு பெறுவதற்குள் ஒரு முறையேனும் சமூக மன்ற மேடையில் நிற்க வேண்டும். இவற்றுள் எது நகைப்பிற்குரியது? பிறர் பொருளைக் கவர நினைக்காத, பிறர் இடத்தைப் பறிக்க முயலாத, உழைப்பினால் மட்டுமே நிறைவேறக்கூடிய ஆசைகள் இவை. மனிதனுக்கு இவற்றைவிடத் தூய ஆசைகள் எவை என்று கேலி பேசுவோர்தாம் விளக்க வேண்டும்.

தஞ்சோங் பகாரில் இந்தக் கேள்வி கூடுதல் பொருள் பெறுகிறது. 1864-ஆம் ஆண்டில் கப்பல் துறை நிறுவனம் தோன்றிய நாள் முதல் உழைப்பாளிகளின் வியர்வையால் வளர்ந்த வட்டாரம் அது. 1932-இல் அங்கே இரயில் நிலையம் எழுந்தது. 2011-இல் இரயில் சேவை நின்றது. 1972-இல் கொள்கலன் துறைமுகம் வந்தது. 2009-இல் ஐம்பது மாடிக் குடியிருப்புகள் உயர்ந்தன. இன்று அங்கே அலுவலகக் கட்டடங்கள் வானைத் தொடுகின்றன. துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்த கடையநல்லூர், தென்காசிப் பகுதித் தமிழர் அங்கே செறிந்து வாழ்ந்தனர். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அக்கல்விக்கூடம் 1982 வரை நடைபெற்றது. அதை உருவாக்கியோர் கல்வியைத் தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள் அல்லர். தத்தம் தொழிலைச் செய்துகொண்டே பொதுப் பணியை மேற்கொண்ட எளியவர்கள். ‘உனக்கு ஏன் இந்த வேலை?’ என்ற கேள்விக்கு அவர்கள் அஞ்சியிருந்தால் அந்தப் பள்ளி எழுந்தே இராது. ஆர்வலரின் ஆசையை இகழ்கிறவர் தம் முன்னோரின் வரலாற்றையும் சேர்த்தே இகழ்கிறார்.

மவுத் ஆர்கன் ஒரு விளையாட்டுப் பொருள் என்பது முதல் குற்றச்சாட்டு. இது புதிதன்று. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 முதல் 1944 வரை ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தபோது, மவுத் ஆர்கன் வாசிப்போர் அந்தக் கட்டுப்பாட்டிற்குள் வரவில்லை. அவர்கள் கையில் இருந்ததை அச்சங்கம் வாத்தியமாகவே கருதவில்லை என்பதுதான் காரணம். பின்னர் 1947-இல் மூவர் அடங்கிய ஹார்மோனிக்கேட்ஸ் குழுவின் ‘பெக் ஓ மை ஹார்ட்’ இசைத்தட்டு பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. விளையாட்டுப் பொருள் என்றவர்கள் அதன்பின் தம் கதவைத் திறக்க நேர்ந்தது.

ஜெர்மனியின் டிராசிங்கன் ஊரில் கடிகாரத் தொழிலாளியான மத்தியாஸ் ஹோனர் 1857-இல் இக்கருவியைச் செய்து விற்கத் தொடங்கினார். நூறாண்டு நிறைவதற்குள், 1951-இல், ஆங்கிலேய இசைமேதை வான் வில்லியம்ஸ் மவுத் ஆர்கனுக்கென்றே ஒரு படைப்பை எழுதினார். அவர் எழுதியது லாரி ஆட்லர் என்னும் அமெரிக்கருக்காக. அந்த ஆட்லர் பல ஆண்டுகள் மேடைகளில் புகழ் பெற்ற பிறகே இசைக்குறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொண்டவர். டாமி ரெய்லி என்னும் கனடியர் 1939-இல் ஜெர்மனியில் வயலின் பயின்றுகொண்டிருந்தார். போர் மூண்டதும் சிறைப்பட்டு, 1945 வரை முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார். அங்கே மவுத் ஆர்கனை வயலினின் நுட்பத்தோடு வாசிக்கப் பயின்று, விடுதலைக்குப் பின் உலகறிந்த கலைஞரானார். முள்வேலிக்குள் இருந்தவனுக்கு ஆசைப்பட உரிமை உண்டென்றால், அடுக்குமாடி வீட்டில் இருப்பவனுக்கு அந்த உரிமை இல்லையா?

இரண்டாம் குற்றச்சாட்டு, அது நம்முடைய வாத்தியம் அன்று என்பது. தமிழிசையைக் காக்கிறோம் என்று எண்ணுகிறவர்களே இதைப் பெரிதும் சொல்கிறார்கள். வயலின் மேல்நாட்டிலிருந்து வந்தது. பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் அதைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினர். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், மாண்டலினை யூ. ஸ்ரீநிவாஸும், சாக்ஸபோனை கத்ரி கோபால்நாத்தும் நம் இராகங்களைப் பாட வைத்தனர். ஒவ்வொரு கருவியும் வந்த நாளில் அந்நியமாகத்தான் இருந்தது. வாசித்தவர்களின் விடாப்பிடியே அதை உறவாக்கியது. வாசிப்போரை வாயிலிலேயே தடுத்துவிட்டு, ‘இதில் நம் இசை இல்லை’ என்று கூறுவது எவ்வகை நியாயம்?

எதிர்ப்போரிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. மவுத் ஆர்கனும் ஹார்மோனியமும் உலோக நாக்குகள் காற்றில் அதிர்வதால் ஒலிக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நிலையான சுரங்களைக் கொண்ட இக்கருவிகளில் கமகம் வாராது என்பது அந்த வாதம். இக்காரணம் பற்றியே அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் அந்த முப்பதாண்டுகளிலும் தமிழ் நாடக மேடை ஹார்மோனியத்தைக் கைவிடவில்லை. வானொலி நிலையத்தின் காதுக்கு ஒவ்வாதது மக்களின் காதுக்கு இனித்தது.

மேலும், ஹார்மோனியத்திற்கு இல்லாத ஓர் ஆற்றல் மவுத் ஆர்கனுக்கு உண்டு. பத்துத் துளைக் கருவியில் இருபது நாக்குகள் உள்ளன. ஊதினால் ஒரு சுரம், மூச்சை இழுத்தால் மற்றொரு சுரம். நடுத் தாயியில் ஏழு சுரங்களும் நிறைந்திருக்கும். கீழ்த் தாயியிலோ மத்தியமமும் தைவதமும் இல்லை. வாசிப்பவர் நாவின் நிலையை மாற்றி, இழுக்கும் மூச்சால் பஞ்சமத்தைத் தாழ்த்தி மத்தியமத்தையும், நிஷாதத்தைத் தாழ்த்தித் தைவதத்தையும் தாமே உண்டாக்க வேண்டும். கருவி தராததை மூச்சு தருகிறது. சுரத்தை இவ்வாறு வளைக்கத் தெரிந்தவருக்குக் கமகத்தின் வாயிலும் ஓரளவு திறக்கிறது. அந்தக் கருவியின் ஏழு சுரங்கள் சங்கராபரணத்திற்கு உரியவை. ரிஷபத்தை ஆதாரமாகக் கொண்டால் கரகரப்பிரியா, காந்தாரத்தைக் கொண்டால் தோடி, மத்தியமத்தைக் கொண்டால் கல்யாணி, பஞ்சமத்தைக் கொண்டால் அரிகாம்போதி, தைவதத்தைக் கொண்டால் நடபைரவி பிறக்கும். இதுவே தமிழர் பண்ணுப்பெயர்த்தல் என்று அறிந்திருந்த முறை. சிலப்பதிகாரத்தைப் போற்றுவோர், அந்த நுட்பத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பவனைப் பார்த்து அந்நியன் என்பது விந்தையே!

மூன்றாம் குற்றச்சாட்டே மிகக் கொடியது. ‘இதனால் என்ன பயன்?’ என்பது அது. சிங்கப்பூரில் மவுத் ஆர்கனுக்குப் பள்ளிகளில் இடம் இல்லாமல் இல்லை. 1967-இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழாவில் மவுத் ஆர்கன் குழுக்களும் பங்கேற்று வந்துள்ளன. பல்கலைக்கழகங்களிலும் குழுக்கள் உண்டு. ஆயினும், இணைப்பாட நடவடிக்கையின் சிறப்பு மேற்படிப்புச் சேர்க்கையில் போனஸ் புள்ளிகளாக மாறுகிறது என்பதே பல பெற்றோர் அதில் காணும் ஒரே நன்மை. புள்ளி கிடைத்ததும் கருவி மேசை இழுப்பறைக்குள் போகிறது. நான்காண்டுகள் நாள்தோறும் பயின்ற பிள்ளை, பள்ளியை விட்ட மறு மாதம் அதைத் தொடுவதில்லை. ஏனெனில், அந்தப் பிள்ளைக்கென்று சொந்த ஆசை ஒன்று வளர ஒருவரும் இடம் தரவில்லை. பள்ளியின் பதக்க ஆசையையும் பெற்றோரின் புள்ளி ஆசையையும் அது சுமந்தது. சுமை இறங்கியதும் இசையும் இறங்கிவிட்டது.

பயனை இவ்வாறு அளந்திருந்தால் தமிழிசைக்கு எத்தனை இழப்புகள் நேர்ந்திருக்கும்! தென்காசிப் பகுதியைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர்ச் சித்த மருத்துவத்தால் பொருளீட்டியவர். இசை அவருக்குப் பிழைப்பு அன்று. எனினும் தம் பொருளைச் செலவிட்டு 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். விபுலானந்த அடிகள் அறிவியல் பயின்ற ஆசிரியர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. மருந்து விற்பவருக்கு இசை எதற்கு, அறிவியல் ஆசிரியருக்கு யாழ் எதற்கு என்று அன்று இவர்களின் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால், இன்று தமிழிசை வரலாறு எவ்வளவு மெலிந்திருக்கும்!

மவுத் ஆர்கனாலேயே உயர்ந்தோரும் உண்டே என்று சிலர் ஆர்வலர்க்கு ஆறுதல் கூறுவர். 1958-இல் வந்த ‘சோல்வா சால்’ என்னும் இந்திப் படத்தின் பாடலிலும், 1964-இல் வந்த ‘தோஸ்தி’ படத்திலும் மவுத் ஆர்கன் வாசித்த இளைஞர் ஆர்.டி. பர்மன் பின்னாளில் பெரும் இசையமைப்பாளரானார். 1975-இல் வந்த ‘ஷோலே’ படத்தில் அமிதாப் பச்சன் வாசிப்பதாகக் காட்டப்படும் இசை பானு குப்தாவின் மூச்சிலிருந்து பிறந்தது. இவை உண்மையே. எனினும், இந்த ஆறுதலும் ஒருவகையில் அவமதிப்புதான். புகழ் வந்தால் மட்டுமே ஆசை நியாயமாகும் என்ற அதே அளவுகோல் இதிலும் மறைந்திருக்கிறது. பர்மன் ஆகாதவனின் வாசிப்பு வீண் என்றால், நாயன்மார் ஆகாதவனின் வழிபாடும் வீண் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இத்துணையும் கூறிய பின், ஆர்வலர்களையும் கண்டிக்காமல் விடுவது நேர்மையாகாது. ஆசை வேறு, கனவு வேறு. நாற்பத்தெட்டு நாக்குகள் கொண்ட விலையுயர்ந்த கருவியை வாங்கி உறவினர்க்குக் காட்டுவது ஆசையன்று. அது கடைச்சரக்கின் மீது கொண்ட மோகம். பத்துப் பாடல்களின் முதல் அடியை மட்டும் வாசித்துவிட்டுப் பதினோராம் பாடலைத் தேடுவது பயிற்சியன்று. ஒரு சுரம் தெளிவாக ஒலிக்கும் முன்னே கைத்தொலைபேசியில் பதிவு செய்து ஊருக்கெல்லாம் அனுப்பிப் பாராட்டை எண்ணிக்கொண்டிருப்பதும் பள்ளிப் பிள்ளையின் புள்ளிக் கணக்கிற்கு எவ்விதத்திலும் உயர்ந்ததன்று. உண்மையான இலக்குக்கு அளவு உண்டு, காலம் உண்டு, கேட்டுத் திருத்த ஒரு செவி உண்டு. ‘நன்றாக வாசிக்க வேண்டும்’ என்பது இலக்காகாது. ‘தீபாவளிக்குள் கீழ்த் தாயியின் மத்தியமத்தைச் சுருதி பிசகாமல் நிறுத்த வேண்டும்’ என்பது இலக்கு. நாள்தோறும் கால்மணி நேரம் அதற்குப் போதும். அந்தக் கால்மணியையும் ஒதுக்காதவர், தம்மைச் சமூகம் மதிக்கவில்லை என்று முறையிடத் தகுதியற்றவர்.

ஒதுக்குகிறவர்க்குச் சமூகம் தர வேண்டிய கடன் பெரிதன்று. தமிழர் அமைப்புகள் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகின்றன. மேடையில் புகழ் பெற்றவர்க்கும், போட்டியில் வென்ற பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. நாற்பது வயதில் கற்கத் தொடங்கிய எழுத்தருக்கோ, இரவு நேர வேலை முடிந்து பயிலும் பாதுகாவலருக்கோ இடம் இல்லை. பரிசும் நடுவரும் இல்லாமல், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று மாதம் ஒரு மாலை அவர்களுக்கு அளித்தால் என்ன குறைந்துவிடும்? தஞ்சோங் பகார் சமூக மன்றம் போன்ற ஓரிடத்தில் ஓர் அறையும் இருபது நாற்காலிகளும் போதும். பள்ளிகளும் தங்கள் பழைய மாணவரை அவ்வப்போது அழைத்து, இழுப்பறையில் தூங்கும் கருவிகளை எழுப்பலாம். பெற்றோர் தம் பிள்ளையிடம், ‘எத்தனை புள்ளி?’ என்று கேட்பதற்கு முன், ‘அடுத்து எந்தப் பாட்டை வாசிக்க ஆசைப்படுகிறாய்?’ என்று கேட்கலாம்.

இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும். தொழில்முறைக் கலைஞர்கள் வளர்வதற்கும், விவரம் அறிந்து கேட்கும் செவிகள் வேண்டும். ஒரு மத்தியமத்தைப் பிடிக்கத் தானே மூன்று மாதம் போராடியவனே, மேடையில் வித்துவான் அதை அநாயாசமாகப் பிடிக்கும்போது அதன் அருமையை உணர்ந்து தலையசைப்பான். ஆர்வலரைக் கேலி செய்து விரட்டும் சமூகம் நாளைய சபையைக் காலி செய்துகொண்டிருக்கிறது. பின்னர் இசைவிழாவில் முன்வரிசை நாற்காலிகள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்று வருந்துவதில் பொருள் இல்லை. ஆகவே, மாலையில் புல்வெளி இருக்கையில் ஒருவர் மவுத் ஆர்கனை எடுத்தால், ‘இந்த வயதில் இது எதற்கு?’ என்று கேட்க வேண்டா. வாசித்து முடியும் வரை நின்று கேட்டுவிட்டுப் போகலாம்.