தராசில் ஏறிய மூட்டை

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டிய விசைத்தறிக் கூடத்தில், நூல் கோன்களை நிறுக்கும் மின்தராசின்மேல் தன் பிரயாணச் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்து எடுத்துக்கொண்டிருந்த என் தங்கை மகன், கம்பளிக் காலுறை இவ்வளவு, கைவிளக்கு இவ்வளவு, மழைச்சட்டை இவ்வளவு என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதிக்குமேல் அறுத்துப் போட்டுவிட்டு, மிஞ்சிய துண்டை நிறுத்து, "பத்துக் கிராம் குறைஞ்சிருச்சுங்க மாமா" என்று நிமிர்ந்தான். இமயமலைப் பாதையொன்றில் எட்டு நாள் நடக்கப் புறப்படுகிறவன் அவன்.

அவனுடைய சிரத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். கிராமையும் நூலிழையையும் கணக்குப் பார்த்தே ஜீவனம் நடத்துகிற வட்டாரம் இது. ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அந்த எண்ணிக்கையையே நூலின் நம்பர் என்று வழங்கி, நாற்பதாம் நம்பருக்கும் அறுபதாம் நம்பருக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் நுனியிலேயே கண்டுகொள்ளும் நெசவாளர்கள் வாழும் ஊரில், எடையைப் பற்றிய கவலையை அற்பமென்று யாரும் தள்ளிவிட முடியாது. நெடுந்தூரம் நடக்கும் மேனாட்டார், அவ்வப்போது தீர்ந்துபோகும் உணவு, தண்ணீர், எரிபொருள் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு, முதுகில் மிஞ்சும் சாமான்கள் பத்துப் பவுண்டுக்குள், அதாவது நாலரைக் கிலோவுக்குள், இருக்க வேண்டுமென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். இவனுடைய கணக்கு நாலே கால் கிலோவில் நின்றது.

"கூடாரம், அரிசி, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் எங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "அதெல்லாம் கோவேறு கழுதையில வந்துருங்க மாமா. கூடத் தூக்கறதுக்கு ஆளும் இருக்காங்க" என்றான்.

1930ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தண்டியை நோக்கிக் காந்தியடிகள் நடந்துகொண்டிருந்தபோது, பாட்காம் என்னும் கிராமத்தில் தம் தொண்டர்களைக் கடிந்து பேச நேர்ந்ததன் காரணம் இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வருகிறது. சூரத்திலிருந்து மோட்டார் லாரியில் பால் தருவிக்கப்பட்டதும், இரவு நடைக்கு வெளிச்சம் காட்டக் கனத்த மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை ஓர் ஏழைத் தொழிலாளி தலையில் சுமந்துகொண்டு, நடப்பவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும்படி துரத்தப்பட்டதும் அவரை நாணச் செய்தன. ஏறத்தாழ 385 கிலோமீட்டர் தூரம், 24 நாட்கள் நடந்த அந்த யாத்திரையில், ஒவ்வொருவர் தோளிலும் தொங்கிய பை சிறியதாகவே இருந்திருக்கும். ஆயினும் தோளில் தொங்காத சுமையையும் அவர் கண்டார், அதைச் சுமந்த மனிதனையும் கண்டார்.

கொங்கு நாட்டில் சுமை என்பதற்கு வேறொரு மரபு உண்டு. பங்குனி உத்தரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முகந்து, காவடியாகத் தோளில் ஏற்றிப் பழனி மலைக்கு நடந்தே கொண்டுபோய் முருகனுக்கு அபிஷேகம் செய்கிறவர்கள், இருப்பதற்குள் கனமான, சிந்தாமல் காக்க வேண்டிய வஸ்துவான தண்ணீரையே அல்லவா விரும்பி ஏற்றுக்கொள்கிறார்கள்! மலையேறுகிறவன் தூக்கிப் போகும் தண்ணீர், குடிக்கக் குடிக்க இலகுவாகிவிடும். தீர்த்தச் செம்பில் உள்ளதோ, நாக்கு வறண்டாலும் ஒரு வாய் குறையக் கூடாத சுமை. என் அப்பாரு அப்படிப் போன காலத்தில், மாற்று வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, முதல் நாளுக்குக் கட்டுச்சோறு, இவற்றுக்குமேல் தமக்கென்று எதையும் முடிந்துகொண்டதில்லை. வலத்தோளில் காவடித் தண்டு பதிந்து காய்த்த இடத்தைச் சிறுவயதில் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். செருப்புத் தோல்போல் இருக்கும். சபரிமலை இருமுடியிலும் முன்முடி ஐயப்பனுக்கு, பின்முடி தனக்கு என்று பிரித்துக் கட்டுகிறார்கள். அந்தப் பின்முடி சிறுத்திருப்பதற்குத் தராசு தேவைப்பட்டதில்லை.

இது நம் தேசத்துக்கு மட்டுமே உரிய குணமென்று நான் சாதிக்க வரவில்லை. 1955ஆம் ஆண்டில், தம் 67ஆவது வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை, தன்னந்தனியே நடந்து முடித்த எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி, தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் காலணியுடன்தான் போனார்; கூடாரம் கிடையாது, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. அவருடைய மூட்டை சிறுத்ததற்குக் காரணம் தேவைகள் சிறுத்தது. அடுத்தவர் முதுகுக்கு அதில் எதுவும் மாறவில்லை.

தூரத்து மலைகளுக்குப் போவானேன்? பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் மூங்கில் தடியூன்றி ஏறுகிறவர்கள், ஏறும்போது நிறைந்த பாட்டிலைச் சுமந்து செல்கிறார்கள். காலியான பின் அது கனக்கிறதென்று பாறை இடுக்கில் செருகிவிட்டு இறங்குகிறவர்கள் அவர்களில் உண்டு. காலி பாட்டிலின் எடை, என் மருமகன் அறுத்த பிரஷின் எடையளவே இருக்கும். அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து அனுப்பியும் மேலே சேர்ந்துவிடுகிற குப்பையைத் தொண்டர்கள் சாக்குகளில் கட்டி முதுகில் சுமந்து இறக்குகிறார்கள். அந்தச் சாக்கின் கனம், ஒவ்வொருவரும் இருபது கிராமாக இறக்கி வைத்ததன் கூட்டுத்தொகை.

ஆகையால் மலைநடைக்குப் புறப்படும் இளைஞர்கள் தங்கள் நோட்டில் இன்னொரு பத்தியும் போட வேண்டுமென்பது என் அபிப்பிராயம்: எனக்காகப் பிறர் சுமப்பது எவ்வளவு, நான் விட்டு வருவது எவ்வளவு. இதை மருமகனிடம் சொன்னபோது அவன் தர்க்கம் செய்யவில்லை. உடனே கோடு கிழித்துப் பத்தி போட்டான். யாத்திரை ஏற்பாடு செய்கிறவருக்குப் போன் போட்டு, ஒரு கழுதைக்கு எத்தனை கிலோ, ஓர் ஆளுக்கு எத்தனை கிலோ ஏற்றுவீர்களென்று மரியாதையாகவே கேட்டான். எதிர்முனையில் சற்று நேரம் மௌனம். அதை நிறுத்துப் பார்த்ததில்லை என்று பதில் வந்தது.