ஒயர் அறும் இடம்

வீட்டில் செய்த மின்னணுக் கருவி விட்டுவிட்டு இயங்கத் தொடங்கினால், செய்தவரின் ஐயம் சுற்றுப்பலகையின் மீதும் நிரலின் மீதுமே முதலில் விழுகிறது. ஆயினும் இழுபடுவதும் வளைவதும் ஒயர்முனைகளே என்பதால், தேடலை அங்கிருந்து தொடங்குவதே முறை.

பல மெல்லிய செம்பு இழைகளால் ஆன ஒயர் வளைந்து கொடுப்பதற்கென்றே அமைந்தது. அதன் முனையைச் சால்டர் செய்யும்போது, உருகிய ஈயம் நுண்புழை ஏற்றத்தால், அதாவது நெருங்கிய இழைகளின் இடைவெளியில் தானாக ஊர்ந்து ஏறும் இயல்பால், காப்புறைக்குள்ளும் சிறிது தூரம் சென்று உறைகிறது. ஈயம் ஏறிய பகுதி விறைத்துவிட, அது முடியும் இடத்திலேயே வளைவு முழுவதும் குவிந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன; உறை குலையாததால் அந்த முறிவு கண்ணுக்குப் படுவதில்லை.

உலோக முனையத்தின் இறக்கைகளை ஒயரின் மீது மடக்கி அழுத்தும் கிரிம்ப் முறை இக்குறையைத் தவிர்க்கிறது. சிறு கனெக்டர்களின் முனையத்தில் இரண்டு இணை இறக்கைகள் உள்ளன: ஓர் இணை உறை நீக்கிய இழைகளைக் கவ்வ, பின்னுள்ள இணை காப்புறையைப் பிடித்து அசைவை இழைகளுக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. அழுத்தம் சரியாக அமைந்தால் இழைகள் வட்ட வடிவம் இழந்து, காற்றும் புகாதபடி ஒன்றோடொன்று இறுகுவதால், உள்ளே ஆக்சைடு படலம் வளர இடமில்லை. சாதாரணக் குறடு இத்தகைய அழுத்தத்தைச் சீராகத் தராது. முழுதும் அழுந்தும்வரை விடுபடாத ராட்செட் அமைப்புள்ள கிரிம்ப் கருவிக்குச் செலவிடும் பணம் எவ்வகையிலும் வீணன்று. முனையைக் கிரிம்ப் செய்யுமுன் ஈயம் பூசுவது பெருந்தவறு. ஏனெனில் மென்மையான ஈயம் நீடித்த அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து பிடியைத் தளர்த்திவிடும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, கிரிம்ப் வேலைக்கும் கேபிள் கட்டுமானத்துக்கும் தனித் தரநிலையே வகுத்துள்ளது.

கடையில் கிடைக்கும் ஒற்றை ஜம்பர் ஒயர்களை 2.54 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பின்களில் தனித்தனியே செருகுவது சோதனைக்குப் போதும், நிலையான கருவிக்குப் போதாது. பிளாஸ்டிக் கூட்டின் சிறு நாக்கை ஊசியால் தூக்கி முனையங்களை வெளியே எடுத்து, பல துளைகள் கொண்ட ஒரே கூட்டில் வரிசையாக அமைத்தால், தடம் மாறிச் செருகும் வாய்ப்பு பெருமளவு குறையும். திசை மாற்றிச் செருக முடியாத எக்ஸ்எச் வகைக் கனெக்டர் இன்னும் நல்லது; அதன் இடைவெளி 2.5 மில்லிமீட்டரே என்பதால், நீண்ட வரிசையில் அது 2.54 பின்களுடன் பொருந்தாது.

ஆடியோ பிளக் போன்று சால்டர் தவிர்க்கவியலாத இடங்களில், ஈயம் முடியும் எல்லையைத் தாண்டி ஹீட் ஷ்ரிங்க் குழாய் போர்த்தப்பட வேண்டும். சூட்டில் சுருங்கி இறுகும் இக்குழாயை இணைப்புக்கு முன்பே ஒயரில் கோத்துவிடுவது அவசியம். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் வெளியுறையையே இறுகப் பிடித்து, உள்ளிருக்கும் ஒயர்களைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும். வீட்டு மின்சாரம் வரும் கேபிளானால், பிடி நழுவி இழுபடும்போது பேஸ் முதலிலும் எர்த் கடைசியிலும் கழலும்படி, எர்த் ஒயரை மற்றவற்றைவிட நீளமாக விடுவதே பாதுகாப்பானது.