லோகோவை மாத்தியதால் படுத்ததா ஜாகுவார்? செஞ்சி பையன்கள் தெரிந்து கொள்ள வேண்டிய கணக்கு

செஞ்சி:

"லோகோவை மாத்துனாங்க, யாவாரம் 97 சதவீதம் படுத்துடுச்சு." ஜாகுவார் கார் கம்பெனியை பற்றி செல்போன்களில் உலகம் முழுக்க சுற்றிய சேதி இது. கோடி ரூபாய் கார் படுத்தால் நமக்கென்ன என்று செஞ்சிக்காரர்கள் ஒதுங்கிவிட முடியாது. காரணம், பனப்பாக்கம்.

சேத்துப்பட்டு, ஆரணி தாண்டி சுமார் 100 கிலோ மீட்டரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ரூ.9 ஆயிரம் கோடி முதலீடு, 5 ஆயிரம் பேருக்கு வேலை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. டாடா கார்களோடு, அதன் இங்கிலாந்து கம்பெனியான ஜாகுவார் லேண்ட் ரோவரின் (ஜே.எல்.ஆர்.) கார்களையும் தயாரிப்பதுதான் திட்டம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த இந்த பக்கத்து பையன்கள் அந்த ஆலையை கணக்கு போட்டு வைத்திருக்கும்போது, கம்பெனியே படுத்துவிட்டது என்று கேட்டால் வயிறு கலங்கத்தானே செய்யும்?

நடந்தது என்ன?

ஜே.எல்.ஆர். கம்பெனியை போர்டு நிறுவனத்திடம் இருந்து 2008-ல் டாடா வாங்கியது. 2024 நவம்பர் 19-ந்தேதி ஜாகுவாருக்கு புது லோகோ வெளியிட்டார்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த பெயர். கார் முகப்பில் உறுமிக்கொண்டு இருந்த வட்டமான சிறுத்தை முகம் போச்சு. பாயும் சிறுத்தை மட்டும் கோடுகளுக்கு நடுவே தப்பித்தது.

கூடவே ஒரு விளம்பர படம். கலர் கலராக டிரஸ் போட்ட ஆண்களும் பெண்களும் வருகிறார்கள், போகிறார்கள். கார் மட்டும் வரவில்லை! "நீங்க கார் விக்கிறீங்களா?" என்று எலான் மஸ்க்கே கிண்டல் அடித்தார். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் போட்டு தாக்கினார்.

அந்த 97 சதவீதம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் 2024 ஏப்ரலில் 1,961 ஜாகுவார் கார்கள் பதிவாகின. 2025 ஏப்ரலில் வெறும் 49. கணக்கு சரிதான். காரணம்தான் தப்பு. இனி பேட்டரி கார் மட்டும் என்று முடிவெடுத்து, பழைய மாடல்களை கம்பெனியே ஒவ்வொன்றாக நிறுத்தியது. லோகோ வந்த அதே நவம்பரில் இங்கிலாந்தில் புது கார் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். கடையில் சரக்கே இல்லை, விற்பனை எங்கிருந்து வரும்? அரிசியே இல்லாத மண்டியில் "யாவாரம் ஏன் டல்லு?" என்று கேட்ட கதைதான்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. லோகோ மாத்திய அந்த 2024-25 நிதி ஆண்டில்தான் ஜே.எல்.ஆர். வரிக்கு முந்தைய லாபமாக 250 கோடி பவுண்டு பார்த்தது. 10 ஆண்டுகளில் அதுதான் அதிகம். ரேஞ்ச் ரோவரும் டிபெண்டரும் சம்பாதித்த காசு அது. ஜே.எல்.ஆர். விற்பனையில் ஜாகுவார் ஏற்கனவே சின்ன பங்குதான்.

ஹீரோ செய்த வேலை

லோகோ மாத்துவதே ஆபத்து என்றால் ஹீரோ ஹோண்டா என்னவாகி இருக்க வேண்டும்? 2010 டிசம்பரில் கூட்டு பிரிந்தது. பெயரில் பாதி அடுத்தவனுடையது. அதனால் லண்டனை சேர்ந்த வுல்ப் ஆலின்ஸ் கம்பெனியிடம் கொடுத்து சிவப்பும் கருப்புமாக புது லோகோ வரைந்து, 2011 ஆகஸ்டில் ஹீரோ மோட்டோகார்ப் ஆனார்கள். முந்தைய ஆண்டு 54 லட்சம் வண்டி விற்ற கம்பெனி, அந்த நிதி ஆண்டில் 62 லட்சத்தை தாண்டியது. ஏன்? ஸ்பிளெண்டர் அதே ஸ்பிளெண்டராக ஷோரூமில் நின்றது. டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் வேறு. இத்தனை வருஷம் கழித்தும் பலர் வாயில் "ஹீரோ ஹோண்டா"தான் வருகிறது, அது வேறு விஷயம்.

செஞ்சிக்கோட்டையும் கொடி மாறிய கோட்டைதானே. 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என கொடி மாறிக்கொண்டே இருந்தது. ராஜகிரி மலை அங்கேயேதான் நிற்கிறது.

ஜாகுவாருக்கே கூட பெயர் மாத்துவது புதுசு இல்லை. முதலில் அதன் பெயர் எஸ்.எஸ். கார்ஸ். ஹிட்லரின் எஸ்.எஸ். படையால் அந்த எழுத்துகளே நாறிப்போக, 1945-ல் ஜாகுவார் என்று மாத்தினார்கள். அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஊருக்கும் புரிந்தது. இந்த முறை கம்பெனி சறுக்கியது லோகோவில் அல்ல. காட்ட கார் இல்லாத நேரத்தில் லோகோவை மட்டும் தூக்கி காட்டியதில்தான். இரண்டு வாரம் பொறுத்து டிசம்பரில் மாதிரி காரை காட்டியபோதுதான் வெளியிட்டிருந்தால் பாதி கிண்டல் குறைந்திருக்கும்.

நிஜமான அடி

தொழிலாளி வயிற்றில் அடித்தது வேறு ஒன்று. 2025 ஆகஸ்டு கடைசியில் ஜே.எல்.ஆர். கம்ப்யூட்டர்களில் ஹேக்கர்கள் புகுந்தனர். இங்கிலாந்து ஆலைகளில் ஒரு மாதத்துக்கு மேல் உற்பத்தி நின்றது. அக்டோபரில்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஓட தொடங்கின. அந்த நாட்டுக்கு மொத்த நஷ்டம் 190 கோடி பவுண்டு, அதாவது ரூ.20 ஆயிரம் கோடிக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. ஆலைக்கு பாகம் சப்ளை செய்த சின்ன சின்ன பட்டறைகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே ஜூலையில், அமெரிக்க வரி நெருக்கடிக்கு நடுவே, நிர்வாக பிரிவில் 500 பேர் வரை குறைப்பதாகவும் அறிவித்தார்கள்.

கிண்டல் அடித்த மீம்களில் இதெல்லாம் இல்லை. ஆனால் பனப்பாக்கத்தில் பாகம் சப்ளை செய்யும் பட்டறையில் சேரப்போகிறவனுக்கு இதுதான் பாடம். பெரிய ஆலை ஒரு வாரம் நின்றாலும் முதலில் சம்பளம் போவது, கான்ட்ராக்டில் இருப்பவனுக்குத்தான். லோகோவில் எந்த எழுத்து பெருசு என்று பார்ப்பதைவிட, ஆர்டரில் நிரந்தரமா, பயிற்சியா, கான்ட்ராக்டா என்று பார்த்து கையெழுத்து போடுவது நல்லது.

2025 நவம்பரில் ஜே.எல்.ஆர். தலைமை பொறுப்புக்கு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி.பி.பாலாஜி வந்தார். அதற்கு முன் டாடா மோட்டார்சில் பண கணக்கை பார்த்தவர் அவர். புது லோகோவோடு வரும் முதல் ஜாகுவார் நான்கு கதவு பேட்டரி கார். விலை நம்மூர் பணத்தில் ஒரு கோடியை தாண்டும். அது என்ன விலைக்கு, எத்தனை விற்கிறது என்ற கணக்கை பார்ப்பதும் இனி அவர் மேஜைக்குத்தான் வரும்.