கோடையில் உறங்கும் மலர்

மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியிலே உள்ளது சைப்பிரஸ் தீவு. அங்கே கோடையில் மழை இல்லை, குளிர்காலமே மாரி. அத்தீவின் காலநிலைக்கு இயைந்து வாழும் காட்டு மலரொன்றை இவ்வாரம் காண்போம். சைப்பிரஸ் சைக்கிளமன் என்பது அதன் பெயர். உலகில் வேறெங்கும் இஃது இயற்கையாக வளர்வதில்லை.

துரூதோஸ் மலைச் சாரலில், பைன், ஓக் மரங்களின் நிழலிலும் ஈரம் பொருந்திய பாறை இடுக்குகளிலும் இதனைக் காணலாம். கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு, மண்ணுக்குள் தட்டையான கிழங்காய் உறங்குகின்றது. இலையுதிர் காலத்தில் விழித்தெழுந்து பூக்கின்றது. பின்னோக்கி மடிந்த வெள்ளிதழ்கள் ஐந்து, அவற்றின் அடியிலே செந்நீல மறுக்கள், நறுமணமும் உண்டு.

மகரந்தச் சேர்க்கையின் பின் நிகழ்வதே பெரு வியப்பு. பூக்காம்பு கம்பிச்சுருள்போல் சுருண்டு, காயைத் தரைக்கு இழுக்கின்றது. விதைகளின்மேல் உள்ள இனிப்பை நாடி எறும்புகள் அவற்றைத் தூக்கிச் செல்கின்றன. இனிப்பைத் தின்றபின் விதையை விட்டுவிடுகின்றன. இவ்வண்ணம் எறும்பே இச்செடிக்கு உழவனாகின்றது.

எறும்பு பரப்பியதை மனிதன் தோண்டி எடுத்தான். பல சைக்கிளமன் இனங்களின் கிழங்குகள் காடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டுத் தோட்டப் பிரியர்களுக்கு விற்கப்பட்டன. ஆதலின், 1975 ஆம் ஆண்டு முதல் இக்குலம் முழுவதன் வணிகமும் அனைத்துலக உடன்படிக்கையொன்றின் கட்டுப்பாட்டில் இருந்து வருகின்றது. விதை முளைத்துப் பூப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லும். கிழங்கைப் பெயர்ப்பதற்கோ சில கணங்கள் போதும். ஆகையால் வளர்க்க விரும்புவோர் தோட்டங்களில் விதையிட்டு வளர்த்த செடிகளையே வாங்குதல் நன்று. காட்டுச் செடி காட்டிலேயே பூக்கட்டும்.