பால்மரமும் வேதியியலும்

மலாக்கா இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோருக்கும் ஜெர்மனியின் ஆய்வுக்கூடங்களுக்கும் என்ன தொடர்பு? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால், அந்த ஆய்வுக்கூடங்களில் நடந்த வேலை நம் தோட்டங்களின் தலைவிதியையே மாற்றியது. ஆகவே, வேதியியலை நம் மாணவர்கள் அந்நியப் பாடமாக ஒதுக்கக்கூடாது என்பது என் கருத்து.

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் விடியுமுன் எழுந்து, உளியால் மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சுமந்து வந்தனர். அந்தப் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் பயன்பட்டது. அவ்வமிலத்தை 1749இல் எறும்புகளிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தியவர் ஆண்ட்ரியாஸ் மார்கிராஃப் என்னும் ஜெர்மானியர்.

இரப்பர் இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் ஏன்? இரப்பர் போன்ற பொருள்களில் எண்ணற்ற சிறு அலகுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டு மிகப் பெரிய மூலக்கூறுகளாக உள்ளன என்று 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் விளக்கினார். அக்கால அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. அவரோ சளைக்காமல் சான்றுகளைத் திரட்டினார். 1953இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஜெர்மனியில் இரப்பர் மரம் வளராது. அந்தக் குறையே ஆய்வுக்குத் தூண்டுகோலானது. 1909இல் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் செயற்கை இரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் அதன் தரம் குறைவு. ஆனால், ஆராய்ச்சி நிற்கவில்லை. எண்ணெய் பட்டாலும் எளிதில் கெடாத நைட்ரைல் இரப்பரும் ஜெர்மனியில்தான் உருவானது. இன்று மலேசியத் தொழிற்சாலைகள் கையுறை செய்ய அதைப் பெருமளவில் பயன்படுத்துகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை இரப்பரின் போட்டி வலுத்தது. இயற்கை இரப்பரின் விலை சரிந்தது. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும். வேலையோடு வீட்டையும் இழந்து பட்டணம் வந்த குடும்பங்கள் பல.

இதனால் வேதியியலே நமக்குப் பகையானது என்று சிலர் கருதலாம். அவர்களின் வேதனை நியாயமானது, முடிவு சரியன்று. நம் நாடு போட்டியை ஆராய்ச்சியால் எதிர்கொண்டது. 1925இல் அமைக்கப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அதிகப் பால் தரும் மர வகைகளை உருவாக்கியது. 1965இல் தரக் குறியீட்டுடன் மலேசிய இரப்பர் சந்தைக்கு வந்தது. விமானச் சக்கரங்களுக்கு இன்றும் இயற்கை இரப்பர் தேவைப்படுகிறது.

பாலைச் சேகரித்தவர்கள் நம்மவர்கள். அதன் இயல்பை ஆராய்ந்து விலையைத் தீர்மானித்தவர்கள் வேறு பலர். இந்நிலை தொடரக்கூடாது. பாச்சாங்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பயிலும் மாணவர்கள் வேதியியலைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யாமல், ஏன், எப்படி என்று கேட்டுப் பயில வேண்டும். நாளைய ஆய்வுக்கூடங்களில் அவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும்.