ஆள் பாதி, ஆடை பாதி: நானோ செல்லுலோஸுக்கும் அதே கதைதான்

"தாவரத்திலிருந்து தயாரித்தது" என்று ஒரு பொருளின் மேல் எழுதியிருந்தால் நமக்கு மனசு குளிர்ந்து விடுகிறது. கரும்புச் சக்கைத் தட்டு, மூங்கில் பல்துலக்கி, சோள மாவுப் பை... இந்த வரிசையில் அடுத்துப் பெரிதாகப் பேசப்படுவது நானோ செல்லுலோஸ். அதில் என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். உள்ளே இருப்பது தாவரம் என்பது பாதிப் பதில்தான். மேலே என்ன போர்த்தியிருக்கிறது என்று கேட்டால்தான் மீதிப் பதில் கிடைக்கும்.

(வேதியியல் என்றதும் ஓடி விடாதீர்கள். நானே பி.காம். தான். பத்தாம் வகுப்போடு அதற்குக் கும்பிடு போட்டவன்.)

முதலில் ஆள் யார்?

செடி கொடிகளின் உடம்பு பெரும்பாலும் செல்லுலோஸால் கட்டியது. பஞ்சு என்றால் கிட்டத்தட்ட முழுக்க அதுவேதான். பிரான்ஸ் நாட்டு அன்செல்ம் பாயென் 1838-லேயே அதைப் பிரித்து அடையாளம் காட்டி விட்டார். பஞ்சையோ மரக்கூழையோ அடர் கந்தக அமிலத்தில் பக்குவமாக வைத்திருந்தால், நாரில் ஒழுங்கில்லாத பகுதிகள் கரைந்து போய் ஊசி மாதிரி படிகங்கள் மிஞ்சும். தடிமன் 5 முதல் 20 நானோமீட்டர். நம் தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் விறைப்பில் எஃகையே மிஞ்சும் பொருள் இது.

மும்பைத் தமிழர்களுக்கு ஒரு தகவல். நம் மாதுங்காவில், அடன்வாலா ரோட்டில், மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சிர்காட்) இருக்கிறது. 1924-ல் தொடங்கியது. கோயிலுக்கும் காப்பிப் பொடிக்கும் மாதுங்கா போகிற நம்மில் பலர் அந்த வாசலைக் கடந்திருப்போம். அங்கே நானோ செல்லுலோஸ் செய்யும் முன்னோடி ஆலையே உண்டு.

சரி, ஆடை எதற்கு?

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று ஹைட்ராக்சில் கொக்கிகள். அவற்றுக்குத் தண்ணீர் என்றால் உயிர். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் போன்றவையோ எண்ணெய்ச் சாதி. இரண்டையும் சும்மா கலந்தால், அவசரத்தில் கிண்டிய ரவை உப்புமா மாதிரி கட்டி தட்டிப் போகும். கட்டி தட்டிய இடத்தில்தான் முதல் விரிசலும் விழும். அதனால்தான் அந்தக் கொக்கிகளில் பாலிமர் இழைகளை வேதியியல் முறையில் மாட்டி விடுகிறார்கள்.

இதில் இரண்டு வழி. ஒன்று நாற்று நடுவது மாதிரி: தயாராக வளர்ந்த இழைகளைக் கொண்டு வந்து ஒட்டுவது. முதலில் வந்தவை இடத்தை அடைத்துக் கொள்வதால் நெருக்கமாக நட முடியாது. மற்றொன்று விதைப்பது மாதிரி: மேற்பரப்பிலிருந்தே இழையை வளர்ப்பது. இதில் பயிர் அடர்த்தியாக வரும்.

இப்போது நம் தொழிலுக்கு வருவோம், அதாவது கணக்குக்கு. 10 நானோமீட்டர் தடிமன் என்று வைத்துக் கொண்டால் ஒரே ஒரு கிராம் படிகத்தின் மேற்பரப்பு சுமார் 250 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 2,700 சதுர அடி! மும்பையில் அந்த இடத்தில் நாலைந்து குடும்பம் குடித்தனம் நடத்தும். அவ்வளவு பரப்புக்கும் சட்டை தைத்தால் துணி எவ்வளவு ஆகும்? ஒட்டிய பாலிமரின் எடை உள்ளிருக்கும் செல்லுலோஸின் எடையையே மிஞ்சிப் போவதும் உண்டு. "ஏதோ மெல்லிசாகப் பூசியிருக்கிறார்கள்" என்று நினைத்தால் தப்பு.

அந்தத் துணி எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாலிகேப்ரோலேக்டோன் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கும். பாலிலாக்டிக் அமிலம் சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ வருவது, ஆனால் ஒழுங்காக மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடுள்ள உரக்கூடம் வேண்டும். தெருக் குப்பையிலும் கடலிலும் லேசில் போகாது. பாலிஸ்டைரீன் பெட்ரோலியத்திலிருந்து வருவது, மக்காமல் தங்கி விடும். மூன்றுக்கும் உள்ளே இருப்பது அதே பஞ்சுதான். மூன்றையும் "தாவரத்திலிருந்து" என்றே விற்கலாம். போதாக்குறைக்கு, இழை வளர்க்கும் சில முறைகளில் துளி ஈரம் இருந்தாலும் காரியம் கெடும். அதனால் தண்ணீரை விரட்டி விட்டு டொலுயீன் போன்ற கரைப்பானில் வேலை செய்கிறார்கள். அந்தச் செலவும் கழிவும் விளம்பரத்தில் வராது.

இது வெறும் சந்தேகம் இல்லை, ஏற்கெனவே பட்ட பாடம். டீக்கடைக் காகிதக் கப்பை எடுத்துக் கொள்ளுங்கள். உள்பக்கம் பாலிஎத்திலீன் பூச்சு. அதனால்தான் மறுசுழற்சிக்கு அது பெரிய தலைவலி. அமெரிக்காவில் நார்க்கூழில் செய்த "மக்கும்" சாப்பாட்டுக் கிண்ணங்களில், எண்ணெய் ஊறாமல் இருக்கச் சேர்த்த ஃபுளோரின் வேதிப்பொருள்கள் இருப்பது 2019-ல் அம்பலமானது. லேசில் அழியவே அழியாத வகை அவை. உணவுத் தாள்களில் அவ்வகைப் பூச்சுகளின் விற்பனை அங்கே நின்று விட்டதாக 2024-ல்தான் அந்நாட்டு உணவு மருந்துத் துறை அறிவித்தது. ஆள் சுத்தம், ஆடைதான் காலை வாரியது.

"இப்படி எல்லாவற்றுக்கும் நொட்டை சொன்னால் எதுதான் முன்னேறும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கார் பாகம் ஒன்று பதினைந்து வருடம் உழைக்கப் போகிறது, எடை குறைந்து எரிபொருளும் மிச்சம் என்றால், மக்காத சட்டை போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்து நிமிடத்தில் தூக்கி எறியும் டப்பாவுக்குத்தான் அதே சட்டை கூடாது என்கிறேன். காகிதத்துக்கு வலு சேர்க்க, நீர் கலந்த வண்ணப்பூச்சைக் கெட்டிப்படுத்த என்று, தண்ணீர்ப் பிரியமே நன்மையாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே பெரும்பாலும் சட்டையே வேண்டாம். பணம் முதலில் அந்தப் பக்கம் போகட்டும்.

பணம் என்றால் நம் பணமும்தான். ரிசர்வ் வங்கி 2023-ல் பசுமை வைப்புநிதிக்கு விதிமுறை வகுத்தது. நீங்கள் போடும் அந்த டெபாசிட் பசுமைத் திட்டங்களுக்குக் கடனாகப் போக வேண்டும். திட்ட அறிக்கையில் மூலப்பொருள் "விவசாயக் கழிவு" என்று இருந்தால் மட்டும் போதாது. மேற்பரப்பில் எந்தப் பாலிமர், எடையில் எத்தனை சதவீதம், எங்கே எத்தனை நாளில் மக்கும், கரைப்பானை மீட்கிறார்களா என்று நாலு வரி கேட்க வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தை மட்டும் பார்த்து யாரும் கடன் கொடுப்பதில்லையே!

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வருகிறது. மக்கும் பிளாஸ்டிக் என்றால் நுண்பிளாஸ்டிக் மிச்சம் வைக்கக் கூடாது என்கின்றன 2024-ல் திருத்திய பிளாஸ்டிக் கழிவு விதிகள். ஆதாரமில்லாமல் "பசுமை" என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அதே வருடம் வழிகாட்டுதல் தந்தது. ஆகவே கேள்வி கேட்பது நம் உரிமை. அடுத்த முறை கடைக்காரர் "இது செடியிலிருந்து செஞ்சது சார்" என்றால், "சரி, மேலே என்ன பூசியிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலு பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார்.

வேதியியல் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டுக் கொள்கிறேன்.