வீட்டிலிருந்து பார்த்ததும் வீதியோரம் நின்று பார்த்ததும்



பிரான்சுக்குப் போய் வந்த பிறகு என்னைக் காண்பவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்று, "தங்கச்சி எப்பிடி இருக்கிறா?" மற்றது, "அந்தப் பெரிய சைக்கிள் ஓட்டத்தை நேரிலை பாத்தனீங்களாமே, ரி.வியிலை பாக்கிறதைவிட நல்லாய் இருந்ததோ?" முதற் கேள்விக்கு "சுகமாய் இருக்கிறா" என்று உடனே சொல்லிவிடுகிறேன். இரண்டாவதற்கு ஒரு வசனத்தில் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

'தூர் து பிரான்ஸ்' என்று அந்த ஓட்டத்துக்குப் பெயர். 1903ஆம் ஆண்டு ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கியது. இன்று உலகத்திலேயே பெரிய சைக்கிள் ஓட்டம் அதுதான். மூன்று கிழமை, 21 நாள் ஓட்டங்கள், ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். மொத்த நேரக் கணக்கில் முன்னுக்கு நிற்பவர் மஞ்சள் மேற்சட்டை அணிவார். அந்த வழக்கம் 1919இல் வந்தது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானதால் சட்டைக்கும் அதே நிறம் வந்ததாம்.

சைக்கிள் என்றால் எங்களுக்குப் புதினமான பொருளா? தொண்ணூறுகளில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. பிரசவத்துக்குப் போனதும் சைக்கிளில், விறகு வந்ததும் சைக்கிளில், கலியாண வீட்டுக்குப் போனதும் சைக்கிளில். பற்றறிக்குத் தடை இருந்த நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் வானொலிச் செய்தி கேட்டோம். நான் சுற்ற அப்பா காதைக் கொடுத்துக் கேட்பார். கை களைத்தால் செய்தி மங்கிப் போகும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் வீட்டுச் சாமான் முழுவதும் ஒரு சைக்கிளில்தான் இருந்தது. அம்மாவைப் பின் கரியரில் இருத்தி நான் உருட்டினேன். ஓட்ட இடம் இருக்கவில்லை. முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறு எதையும் நான் காணவில்லை.

இந்த ஓட்டத்தை முதன்முதலாக நான் பார்த்தது 2022 ஜூலையில். அப்போது நாட்டில் பெற்றோல் வரிசை. யாழ்ப்பாணத்தில் மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மறுபடி வீதிக்கு வந்த காலம். பாரிசில் இருக்கும் பெறாமகள் என் கைத்தொலைபேசிக்கு ஓர் இணைப்பு அனுப்பினாள். "பெரியம்மா, இண்டைக்குப் பொம்பிளையளும் ஓடுகினம், பாருங்கோ" என்றாள்.

அன்று ஜூலை 24. ஆண்களின் கடைசி நாள் ஓட்டம் முடியும் அதே சாம்ஸ் எலிசே வீதியில் பெண்களின் முதல் நாள் ஓட்டமும் முடிந்தது. 24 அணிகளில் 144 பெண்கள். இதற்கு முன்னும் பெண்களுக்கு ஓட்டம் வைத்திருக்கிறார்கள். 1984இல் ஆண்களின் ஓட்டத்தோடு சேர்த்தே நடத்தினார்கள். அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். 1989க்குப் பிறகு அதை விட்டுவிட்டார்கள். இடையில் வேறு பெயர்களில் சில ஓட்டங்கள் நடந்தாலும், 2022இல்தான் அது உரிய பெயரோடு முறையாகத் திரும்பி வந்தது. பரிசுப் பணத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்த ஆண்டு ஆண்களில் வென்றவருக்கு 5 இலட்சம் யூரோ, பெண்களில் வென்றவருக்கு 50,000 யூரோ. பெண்களின் ஓட்டம் எட்டு நாள்தான் என்பது உண்மை. ஆனாலும் தோட்டக் கூலியில் நாங்கள் பார்க்கிற கணக்கு அங்கேயும் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்து பார்ப்பதில் உள்ள வசதிகளைச் சொல்ல வேண்டும். மேலிருந்து ஹெலிகொப்டர் படம் எடுக்கிறது. ஆறு, சூரியகாந்தித் தோட்டம், பழைய கோட்டை எல்லாம் தெரிகிறது. முன்னுக்கு ஓடுபவருக்கும் பின்னுக்கு வருபவருக்கும் எத்தனை செக்கன் இடைவெளி என்று திரையில் எழுதுகிறார்கள். 2024இல் பெண்களின் ஓட்டம் எட்டு ஓட்டங்கள் முடிந்தபோது, போலந்தின் கஸியா நியவியடோமா நான்கே நான்கு செக்கனால் வென்றார். கடைசி நாள் அல்ப் துவெஸ் என்ற மலையில் நெதர்லாந்தின் டெமி வொலரிங் முன்னுக்கு வந்து எல்லைக்கோட்டைத் தாண்டினார். ஆனால் மொத்தக் கணக்கில் நான்கு செக்கன் போதவில்லை. மலை வளைவில் நின்றவர்களுக்கு முன்னுக்குப் போனவர்தான் கண்ணில் பட்டிருப்பார். யார் வெல்லப் போகிறார் என்பதைச் செக்கன் செக்கனாக அறிந்தவர்கள் வீட்டில் இருந்த எங்களைப் போன்றவர்கள்தான். மகள் பக்கத்தில் இருந்து "ஐயோ, ஐயோ" என்று என் கையைப் பிடித்து நசித்துவிட்டாள்.

இனி நேரில் பார்த்த கதை.

கடந்த 2025 ஜூலையில் பெறாமகளின் கலியாணத்துக்காகப் பாரிசுக்குப் போனேன். ஆண்களின் கடைசி நாள் ஓட்டம் 27ஆம் திகதி. 1975 தொடக்கம் சாம்ஸ் எலிசேயில் முடிவதுதான் வழமை. ஒலிம்பிக் காரணமாக 2024இல் மட்டும் நீஸ் நகரில் முடித்தார்கள். 2025இல் புதிதாக மொன்மார்த்ர் குன்றையும் சேர்த்து, மூன்று தரம் ஏற வேண்டும் என்று வைத்தார்கள். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து அந்தக் குன்று நடந்து போகிற தூரம்தான். இந்த ஓட்டத்தை வீதியோரம் நின்று பார்க்க ரிக்கெற் எடுக்கத் தேவையில்லை.

"வாங்கோ அக்கா, இனி எப்ப இது கிடைக்கப் போகுது" என்று தங்கச்சி கூட்டிக்கொண்டு போனாள். புட்டும் சம்பலும் கட்டி, போத்தலில் தேத்தண்ணியும் குடையும் எடுத்துக்கொண்டு போய் மணிக்கணக்காக நின்றோம். சனம் சேர்ந்துகொண்டே வந்தது. மழையும் தூறத் தொடங்கியது. கம்பித் தடுப்பு, பொலிஸ், பின்னால் நெருக்கும் சனம். எனக்கு மூச்சு முட்டுவதுபோல இருந்தாலும் சமாளித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மேலே ஹெலி வந்தது.

சகோதரிகளே, மூன்று வருடமாக அந்த ஹெலிகொப்டர் எடுத்த படத்தைத்தான் நான் இரசித்துப் பார்த்தேன். அதற்குச் சத்தம் இருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் வருவதில்லை. தலைக்கு மேல் அது வந்ததும் என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. தடுப்புக் கம்பியோடு அப்படியே குந்திவிட்டேன். கை தலையை மூடியிருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். ஹெலி வந்தால் ஓட்டக்காரர் கிட்ட வந்துவிட்டார்கள் என்று அவர்களுக்கு அர்த்தம். எனக்கு அதன் அர்த்தம் வேறு.

தங்கச்சியும் என்னோடு குந்தினாள். "படம் எடுக்கிற ஹெலி அக்கா, படம் எடுக்கிற ஹெலி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் தன் குடையை எங்களுக்கு மேலே பிடித்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பினேன். அந்த நேரம் அவர்கள் வந்தார்கள். கல் பாவிய ஈர வீதியில் ரயர் உரசும் ஓசை, சங்கிலி ஓசை, மனிதர் இழுக்கும் மூச்சு. கையை நீட்டினால் முட்டும் தூரம். முகமெல்லாம் சேறு. தொலைக்காட்சியில் நோகாமல் ஓடுவதுபோலத் தெரிந்தவர்களின் தொடை நடுங்குவதைக் கண்டேன். சில விநாடிதான். போய்விட்டார்கள். இன்னும் இரண்டு தரம் வந்தார்கள். அந்த இரண்டு தரமும் நான் நின்றுகொண்டே பார்த்தேன்.

யார் வென்றது என்று கேட்கிறீர்களா? எங்களுக்குத் தெரியாது! ஊரில் இரவு பதினொரு மணிபோல முழித்திருந்த மகள்தான் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்: "அம்மா, கடைசி ஏத்தத்திலை வான் ஆர்ட் தனிய வெட்டிக்கொண்டு போய் முதலாவதாய் வந்திட்டார். மொத்தத்திலை பொகாச்சர்தான், நாலாந்தரம்." பாரிசில் நின்ற எங்களுக்கு முடிவு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது.

அன்றிரவு தங்கச்சி ஒன்று சொன்னாள். "2009இலை நானும் உப்பிடித்தான் அக்கா. இரவு பகலாய் ரி.விக்கு முன்னாலை இருந்தன். எந்த ஊர் விழுந்தது, சனம் எவ்விடத்திலை நிக்குது, எல்லாம் தெரியும். நீங்கள் உயிரோடை இருக்கிறியளோ எண்டதுதான் தெரியாது." நான் அப்போது வன்னியில் இருந்தேன். பக்கத்துத் தறப்பாளுக்குள் யார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அடுத்த நாள் எங்கே போவது என்றுகூடத் தெரியாது. கணவர் இல்லாமல் மகளோடு திரும்பி வந்தேன். பதினாறு வருடமாக அவளும் நானும் இதைப்பற்றி வாய் திறந்ததில்லை. தூரத்தில் இருந்தவளுக்கு வலி குறைவு என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது. நான் தன்னைக் குற்றம் சொல்வேன் என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அன்று விடியும்வரை பேசினோம். எனக்குத் தெரியாததை அவள் சொன்னாள், அவளுக்குத் தெரியாததை நான் சொன்னேன்.

மிச்ச நாட்களில் இருவரும் கதிரையில் சாய்ந்து பெண்களின் ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒன்பது நாள் ஓட்டம். ஓகஸ்ட் 3ஆம் திகதி பிரான்ஸ் நாட்டுப் பெண்ணே, பவுலின் பெரான்-பிரெவோ, வென்றார். மேலிருந்து எடுத்த படம் வரும்போதெல்லாம், இதற்குக் கீழே யாராவது காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்களோ என்று நினைத்தேன்.

ஆகவே என் பதில் இதுதான். ஓட்டத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் வீடு நல்லது. ஓடுபவரை அறிய வேண்டுமென்றால் வீதிக்குப் போகத்தான் வேண்டும்.

என்னைப்போலச் சத்தத்துக்கும் சனத்துக்கும் உடம்பு பதறும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காக வாழ்நாள் முழுவதும் வீட்டுக்குள் இருக்கவும் வேண்டியதில்லை. தனியே போகாதீர்கள், நம்பிக்கையான ஒருவரோடு போங்கள். கூட்டத்தின் நடுவில் நிற்காமல் விலகிப் போக வழியுள்ள கரையில் நில்லுங்கள். என்ன சத்தம் வரும் என்று முதலே கேட்டு வையுங்கள். முடியாவிட்டால் திரும்பி வாருங்கள், இன்னொரு நாள் போகலாம். நித்திரையே இல்லாமல் பதற்றம் தொடர்ந்தால் வைத்தியசாலையில் மனநல வைத்தியரிடம் சொல்லுங்கள். அதுவும் காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது போலத்தான்.

எங்கள் ஊர் சனசமூக நிலைய விளையாட்டு விழாவில் பெண்களுக்கு 'மெதுவான சைக்கிள் ஓட்டம்' இருக்கிறதல்லவா? கால் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்குப் பரிசு. இத்தனை வருடமும் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குப் பயந்து அந்தப் பக்கமே நான் போனதில்லை. இந்தமுறை என் பெயரை மகள் கொடுத்துவிட்டாள். வன்னியிலிருந்து வந்த காலத்தில் நிவாரணமாகக் கிடைத்த அதே சைக்கிளுக்கு நேற்று எண்ணெய் விட்டு, பிறேக் கட்டை மாற்றி வைத்திருக்கிறேன்.

வெல்வேனோ தெரியாது. வீதியோரம் நின்று பார்க்க நீங்களும் வாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.